ஒரு சிறுவனுக்காக ஓர் இரவில் எழுதிய நாடகம்

1918இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்ற நாடகக் கம்பெனியை உருவாக்கினார். அதில் நடித்தவர்கள் சிறுவர்கள். கண்ணுசாமிப் பிள்ளை என்ற ஸ்திரீபார்ட் (பெண் வேஷம் போடும்) நடிகர் தன் பிள்ளைகள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் மூவரையும் கொண்டுவந்து அங்கே சேர்த்தார். மூவரில் இளையவரான சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. 1912 ஏப்ரல் 26 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்தவர். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்றும், அவ்வை சண்முகம் என்றும் ஊர் அறிந்த பெயர்கள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

குழந்தைப் பருவத்து மேடை அனுபவம் என்று பேச்சு வந்தால் எல்லாருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும். மாறுவேடப் போட்டியில் பாரதியாராக நின்றது, மீசை பாதியில் கழன்று விழுந்தது, திருக்குறள் ஒப்பித்து சோப்பு டப்பா பரிசு வாங்கியது. கேட்கச் சுவையாக இருக்கும், ஆனால் ஆராய்ந்து பார்க்க அவற்றில் அதிகம் இல்லை. சண்முகத்தின் கதை அப்படிப்பட்டது அல்ல. ஆறு வயதில் ஏறிய மேடையில் கிட்டத்தட்ட கடைசி வரை நின்றவர். அறுபது வயதை நெருங்கியபோது 'எனது நாடக வாழ்க்கை' என்று அதை விரிவாக எழுதியும் வைத்தார். அந்தக் காலத்தில் மேடையேறிய நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு வரிகூட எழுதிவைக்காமல் போய்விட்டார்கள். அதனால்தான் இந்த ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். ஒரு குழந்தைக்கு மேடை எப்போது நல்லதாக அமைகிறது, எப்போது குழந்தையைத் தின்றுவிடுகிறது என்ற இரண்டுக்கும் இவருடைய காலத்தில் சிறுவர்களை வைத்து நடந்த பாய்ஸ் கம்பெனிகளில் சான்று கிடைக்கிறது.

ஏன் சிறுவர்கள்?

முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். சிறுவர்கள் நடித்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று யாரும் கம்பெனி தொடங்கவில்லை. பெரியவர்களோடு மாரடித்து அலுத்துப்போனதால் தொடங்கினார்கள்.

அன்றைய நாடக மேடையில் கதாநாயக வேஷம் போடும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், கோமாளியான பபூன் வேறு எங்கிருந்தோ வருவார். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணம், பவளக்கொடி என்று கதை எல்லாருக்கும் தெரியும், மேடையிலேயே சந்தித்துக்கொண்டு ஆடிவிடுவார்கள். இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. திறமைசாலிகள் கூடினால் தர்க்கமும் பாட்டும் அனல் பறக்கும். அந்த வகைக்கு நான் ரசிகன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நாடகம் எழுதிய வாத்தியாருக்கு அது தலைவலி. எழுதியது ஒன்றாக இருக்கும், மேடையில் பேசப்படுவது வேறாக இருக்கும். ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவதில் கதை காணாமல் போகும். குடித்துவிட்டு வருபவர்களும் உண்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு வராமலே இருப்பவர்களும் உண்டு.

சங்கரதாஸ் சுவாமிகள் இதையெல்லாம் உள்ளே இருந்து பார்த்தவர். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், இளம் வயதில் நடிகர். எமன், சனீஸ்வரன், இரணியன் போன்ற வேஷங்களில் பேர்போனவர். சனீஸ்வரன் வேஷத்தோடு விடியற்காலையில் குளத்துக்குப் போனவரைப் பார்த்த ஒரு பெண் அதிர்ச்சியிலேயே விழுந்து இறந்தாள் என்றும், அதோடு அவர் அரிதாரம் பூசுவதை விட்டார் என்றும் ஒரு கதை நாடகக்காரர்களிடம் உண்டு. அது எப்படியோ, நடிப்பதை விட்டுவிட்டு எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் வந்துவிட்டார். பிள்ளைகள் என்றால் கொடுத்த பாடத்தை அப்படியே ஒப்பிப்பார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள், வேஷத்துக்காகச் சண்டை போட மாட்டார்கள். ஜெகந்நாதய்யர் கம்பெனி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்று அந்தக் காலத்தில் பாய்ஸ் கம்பெனிகள் பெருகியதற்கு இந்தக் கட்டுப்பாடுதான் முதல் காரணம்.

கம்பெனி வீடு

பாய்ஸ் கம்பெனி பையனுக்குக் கம்பெனி வீடுதான் வீடு, பள்ளிக்கூடம், எல்லாம். கம்பெனி எந்த ஊரில் முகாம் போடுகிறதோ அந்த ஊரில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடிப்பார்கள். காலையில் எழுந்ததும் குரல் சாதகம். அப்புறம் பாடம். இங்கே பாடம் என்றால் கணக்கும் பூகோளமும் இல்லை, அவரவர் வேஷத்துக்கான பாட்டும் வசனமும். வாத்தியார் சொல்லச் சொல்லக் கேட்டுத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்ய வேண்டும். பகலில் தூங்கவைப்பார்கள், ஏனென்றால் நாடகம் இரவில். சோறு போட்டுச் சின்னதாகச் சம்பளமும் கொடுத்தார்கள். அந்தச் சம்பளம் பையன் கைக்கு வராது, தகப்பன் கைக்குப் போகும். இத்தனை வருஷம் கம்பெனியில் இருப்பான் என்று ஒப்பந்தமும் உண்டு. ஒப்பந்தம் முடியுமுன் ஓடிப்போன பையன்களின் கதைகள் நாடகக்காரர்களிடம் ஏராளம்.

மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசித் தட்டி வரைக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். அதனால் சுருதியை உச்சத்தில் வைத்துக்கொண்டார்கள். சின்னப் பையனின் குரல் இயல்பாகவே அந்த உயரத்தில் நிற்கும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளை நம்பியதற்கு இது இரண்டாவது காரணம். பெண் வேஷத்துக்கும் அந்தக் குரலே பொருந்தியது. மீசை முளைக்காத முகம், மெல்லிய தோள், உச்சத்தில் கணீரென்ற சாரீரம், ஸ்திரீபார்ட் தயார்.

புராண நாடகங்களிலும் நாட்டுப்புறக் கதை நாடகங்களிலும் குழந்தைகளுக்கென்றே வேஷங்களும் உண்டு. பிரகலாதன், துருவன், லவன், குசன், நல்லதங்காளின் ஏழு பிள்ளைகள், அரிச்சந்திரனின் மகன் லோகிதாசன். லோகிதாசன் பாம்பு கடித்துச் செத்துக் கிடப்பான், சந்திரமதி புலம்பித் தீர்க்கும் வரை அசையக் கூடாது. நடு இரவில் ஆறேழு வயதுப் பையன் அங்கே உண்மையிலேயே தூங்கிப்போனாலும் யாரும் குற்றம் சொல்ல முடியாத ஒரே வேஷம் அதுதான்.

மேடைப் பயம் என்று இன்று நாம் பெரிதாகப் பேசுவதை இந்த ஏற்பாடு எப்படிக் கையாண்டது என்று யோசித்தால் ஒன்று புலப்படும். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கூட்டத்தைக் கண்டு பெரிய பயம் கிடையாது. தன்னைப் பிறர் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் எட்டு ஒன்பது வயதுக்கு மேல்தான் வலுக்கிறது. அந்தக் கூச்சம் வரும் முன்பே மேடை பழகிப்போன பிள்ளைகள் இவர்கள். அதோடு தனியாக நிற்பதும் இல்லை. பக்கத்தில் ஹார்மோனியம், பின்பாட்டு, சக பையன்கள். பாட்டு தொண்டையில் சிக்கினால் பெட்டிக்காரர் அந்த அடியை வாசித்து எடுத்துக்கொடுப்பார், பின்பாட்டுக்காரர் பாடியே தூக்கிவிடுவார். ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை விழுவதற்கு முன்பே பிடித்துக்கொள்ள இத்தனை கைகள்.

அபிமன்யு சுந்தரி

இப்போது இந்த நிகழ்வின் மையத்துக்கு வருவோம். சண்முகத்தின் குரலும் துடிப்பும் சுவாமிகளுக்குப் பிடித்துப்போயின. இவனுக்கென்று ஒரு நாடகம் எழுத வேண்டும் என்று நினைத்தார். ஏற்கனவே தன் கையிருப்பில் இருந்த நாடகங்களில் ஏதாவது ஒரு வேஷத்தைக் கொடுத்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒருநாள் இரவு விளக்கை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். மறுநாள் காலையில் 'அபிமன்யு சுந்தரி' முடிந்திருந்தது. நாலு மணி நேரம் நடக்கக்கூடிய நாடகம், பாட்டும் வசனமுமாக முழுசாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். அபிமன்யுவாக நடித்தவர் சண்முகம்.

இந்தச் சம்பவத்தை எல்லாரும் சுவாமிகளின் புலமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். புலமைதான், சந்தேகமில்லை. ஒரே இரவில் நாலு மணி நேர நாடகம் என்றால் யாப்பு அவருக்கு மூச்சுப்போல இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அவர் தேர்ந்தெடுத்த பாத்திரத்தைப் பாருங்கள். அபிமன்யு பெரியவர்களின் பாரதத்தில் வரும் இளசு. அப்பனும் பெரியப்பனும் மாமனும் மலை மலையாக நிற்கும் கதையில் வேகத்தையும் வீம்பையும் மட்டுமே வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டியவன். சின்னப் பையன் நடித்தால் அந்தத் துடுக்கு தானாக வரும். பையன் பெரியவன்போல நடிக்க வேண்டியதில்லை. சுந்தரியை மணக்கும் வரை கதை இருப்பதால் வீரம், கோபம், கொஞ்சல், கிண்டல் எல்லாவற்றுக்கும் இடமும் இருந்தது. பாட்டின் சுருதியும் வசனத்தின் நீளமும் அந்தப் பையனைத் தெரிந்த ஒருவர் வைத்தவை. பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

குழந்தையை மேடையேற்றும் பெரியவர்கள் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிரானது. அவர்கள் கையில் ஒரு நிகழ்ச்சி இருக்கும், அதை நிரப்பக் குழந்தைகளைத் தேடுவார்கள். எழுபது எண்பது பேர் சேர்ந்து ஆடும் குழு நடனத்தில் இருபத்தேழாவது ஆளாக நிற்கும் குழந்தைக்கு அந்த இடத்தில் இன்னொரு குழந்தை நின்றாலும் ஒன்றுதான் என்பது தெரியும். பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்க மாட்டார்கள் என்று நினைப்பது நம் சௌகரியம். இந்த வேஷம் எனக்காகவே எழுதப்பட்டது என்று தெரிந்த ஒரு பையனுக்கு அந்த மேடை ஆயுசுக்கும் மறக்காது. சண்முகத்துக்கு மறக்கவில்லை. சுவாமிகளைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதியதிலும் மேடைகளில் பேசியதிலும் இந்த இரவு திரும்பத் திரும்ப வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் என்ற பெயர் நாடகக்காரர்களைத் தாண்டி வெளியே தெரிந்ததில் அந்தச் சீடனின் பங்கு பெரியது.

சுவாமிகளோடு இருந்த காலம் நீளவில்லை. பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. பாட்டையும் வசனத்தையும் வாயால் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை உருவாக்கிய வாத்தியாருக்கு வாய் அடைபட்டது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். சண்முகத்துக்கு அப்போது பத்து வயது.

தொண்டை உடையும் வயது

இனி இந்தக் கதையின் மறுபக்கம். பதிமூன்று, பதினாலு வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீளமாகித் தடிக்கின்றன, சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. இறங்கி நிலைப்பதற்குள் சில மாதங்கள் குரல் எங்கே போகும் என்று பாடுகிறவனுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துப் பையனுக்கு இது நண்பர்கள் கேலி செய்யும் விஷயம், அவ்வளவுதான். கம்பெனிப் பையனுக்குப் பிழைப்பே போகும் விஷயம். நேற்று வரை கொட்டகையை நிறைத்த சாரீரம் இன்று உச்சத்துக்குப் போகும்போது கிழிகிறது. ஒன்ஸ்மோர் கேட்ட அதே கூட்டம் சீட்டியடிக்கிறது.

அப்புறம் என்ன நடக்கும்? ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அடுத்த சின்னப் பையனுக்குப் போகும். குரல் உடைந்தவன் சில்லறை வேஷத்துக்கு இறங்குவான். கொஞ்சம் நகைச்சுவை வந்தால் பபூன் ஆவான். வாசிக்கத் தெரிந்தால் பெட்டி வாசிப்பான், இல்லாவிட்டால் படுதா இழுப்பான், சீன் தூக்குவான். ஒன்றுமே இல்லையென்றால் ஊருக்கு. ஊரில் போய் என்ன செய்வது? ஏழெட்டு வருஷம் பகலில் தூங்கி இரவில் பாடிய பையனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தாலே பெரிது. கைத்தொழில் கிடையாது. பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். மேடையை நினைத்து ஏங்கியபடி எத்தனை பேர் டீக்கடையிலும் மில்லிலும் ஒதுங்கினார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. நமக்குத் தெரிந்தவை தப்பிப் பிழைத்தவர்களின் கதைகள்.

சண்முகம் எப்படித் தப்பினார்? 1925 மார்ச் 31 அன்று சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் 'மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா' என்று சொந்தக் கம்பெனி தொடங்கிவிட்டார்கள். சண்முகத்துக்குப் பதிமூன்று வயது நிறையச் சில வாரங்கள் இருந்தன. தொண்டை உடைந்தால் வெளியே அனுப்பும் முதலாளி யாரும் அவர் தலைக்கு மேல் இல்லை, கம்பெனியே அண்ணன் தம்பிகளுடையது. திறமை இருந்தது, உழைப்பு இருந்தது. ஆனால் சரியான வயதில் கம்பெனி குடும்பத்தின் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது அரைக்கதை. பின்னால் அந்தக் கம்பெனி புராணத்தை மட்டும் நம்பாமல் வசனத்துக்கு முக்கியத்துவம் கொடுக்கும் சமூக நாடகங்களுக்கு நகர்ந்தது. உச்ச சுருதிப் பாட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டிய தேவை குறைந்தது. அவர்கள் மேடையில் நடத்திய 'மேனகா' 1935இல் படமாகவும் வந்தது. ஸ்திரீபார்ட் நடிகரின் மகன் 1940களில் ஔவையாராக மேடையேறினார். பொக்கை வாய் இயல்பாக இருக்க வேண்டும் என்று பல்லையே எடுத்துக்கொண்டார். ஆறு வயதில் பழகிய ஒழுங்கு முப்பது வயதுக்காரரை எந்த எல்லைக்குக் கொண்டுபோனது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதில் வியப்போடு எனக்குக் கொஞ்சம் கலக்கமும் உண்டு.

பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்து பின்னால் பெரிய நடிகர்களான வேறு இருவரையும் சுருக்கமாகச் சொல்லலாம். எம்.ஜி.ஆர். தந்தையை இழந்து, கும்பகோணத்தில் தாயின் பராமரிப்பில் வறுமையில் வளர்ந்தவர். அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தபோது அந்த வீட்டின் முதல் தேவை சோறு. அங்கே அவருக்கு வாத்தியார் காளி என். ரத்தினம். சிவாஜி கணேசன் திருச்சியில் முகாமிட்டிருந்த யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனிக்குப் போய்த் தனக்கு அப்பா அம்மா இல்லை என்று பொய் சொல்லிச் சேர்ந்தார். முதல் வேஷம் சீதை. பெற்றவர்கள் உயிரோடு இருக்க, அநாதை என்று சொன்னால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. கம்பெனிகள் எப்படிப்பட்ட பிள்ளைகளை விரும்பின என்று நமக்குத் தெரிய அந்த ஒரு பொய் போதும்.

இன்றைய கணக்கு

பாய்ஸ் கம்பெனிகள் போய்விட்டன. சினிமாவும் டிவியும் குழந்தைகளை வேலைக்கு எடுக்கின்றன, அதற்கு இப்போது விதிகள் இருக்கின்றன. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தையொட்டி 2017இல் வந்த விதிகளின்படி, குழந்தைக் கலைஞர் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரிலேயே வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். கம்பெனி வீட்டில் வளர்ந்த ஒருவர் உட்கார்ந்து எழுதியதுபோலவே இருக்கிறது. தூக்கம், படிப்பு, தகப்பன் கைக்குப் போன சம்பளம் என்று ஒவ்வொரு பழைய காயத்துக்கும் இதில் ஒரு மருந்து உண்டு. எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பது வேறு பேச்சு.

பணம் வாங்காத மேடைக்கு இந்த விதிகள் வராது. என் மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது அவள் பள்ளி ஆண்டுவிழாவில் மதியம் மூன்று மணிக்கே பிள்ளைகளுக்கு அரிதாரம் பூசி வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். ஜரிகைப் பாவாடையில் குத்திய ஊக்கு இடுப்பைக் கீறுகிறது, உதட்டுச் சாயம் அழியும் என்று தண்ணீர்கூட யோசித்துத்தான் கொடுக்கிறார்கள். அறிக்கை வாசிப்பு, பரிசளிப்பு, சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் முடிந்து அவர்கள் ஏறியபோது மணி எட்டரை தாண்டிவிட்டது. நாலு நிமிஷ நடனம். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு, பக்கவாட்டில் மறைந்து நின்று ஆடிக்காட்டும் டீச்சர், அவரைப் பார்த்தபடியே ஆடும் முப்பது பிள்ளைகள். ஒரு பிள்ளைகூடக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. நான் உட்பட முன்வரிசைப் பெற்றோர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம். அதனால் அவர்கள் பார்த்திருந்தாலும் எங்கள் முகம் தெரிந்திருக்காது.

சுவாமிகள்போல ஒவ்வொரு பிள்ளைக்கும் நாடகம் எழுத யாராலும் முடியாது, சரி. முப்பது பேரில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு வரி, ஒரு சின்ன வேலை கொடுப்பது முடியாத காரியம் இல்லை. சில ஊர்களின் சின்னப் பள்ளிகளில் ஆசிரியர்கள் தாங்களே நாடகம் எழுதி, திக்கிப் பேசும் பையனுக்குத் திக்கிப் பேசும் பாத்திரமாகவே கொடுத்து, பேசவே மாட்டேன் என்பவனைப் பறை அடிக்க வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த மேடைகளில் விளக்கு மங்கல்தான், மைக் ஊளையிடும், திரை பாதியில் சிக்கும். பிள்ளைகள் மட்டும் நேராகக் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். இதுகூட முடியாத பள்ளிகள் ஆண்டுவிழா நிரலையாவது திருப்பிப் போடலாம். ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஆறு மணிக்குள் மேடையேற்றிச் சோறு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால், சிறப்பு விருந்தினர் அதற்கப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.